பெருக்கமரத்தின் மறுபக்கம்

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போன ஒரு பிள்ளையின் கதை எல்லாக் குடும்பங்களிலும் இருக்கும். எங்கள் குடும்பத்துக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. என் அண்ணன் எங்களை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போனான்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களைத் திரும்பக் கொண்டுவந்து குடியேற்றிய காலம் அது. மன்னார்ப் பக்கம், அடம்பனுக்கு அப்பால், குளக்கட்டை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. தகரக் கூரையும் தறப்பாள் சுவரும் கொண்ட கொட்டிலில் இருந்தோம். பற்றை மூடிக் கிடந்த வயலை அப்பா துண்டு துண்டாகத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. ஆனால் அடம்பன் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் காலை பஸ்ஸிலும், பஸ் வராத நாளில் யாராவது ஒருவருடைய உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏறிப் போய் வந்தார்கள். எங்கள் இருவரையும் மட்டும் அம்மா விடவில்லை.

முதலில் பாதை சேறு என்றார். சேறு காய்ந்ததும் பஸ்ஸில் சனம் அதிகம் என்றார். பிறகு காலில் போடச் சப்பாத்து இல்லை என்றார். அப்பா எங்கேயோ கதைத்துப் பேசி இரண்டு சோடி வாங்கி வந்தார். அடுத்த நாள் காலை அந்தச் சப்பாத்துகள் எங்கள் காலைக் கடிப்பதாக அம்மா கண்டுபிடித்தார். நாங்கள் இன்னும் அவற்றைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

"அப்ப இதுகள் படிக்கிறேல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"பள்ளிக்கூடம் போகாட்டிப் படிப்பு வராதெண்டு ஆர் சொன்னது? நான் படிப்பிக்கிறன்."

அம்மா பத்தாம் வகுப்புச் சோதனையில் கணக்குக்குத் திறமைச் சித்தி, அதாவது உயர்ந்த தேர்ச்சி, எடுத்தவர். அதை எங்கள் வீட்டில் யாரும் மறந்துவிட அவர் இடம் கொடுத்ததில்லை. அப்பா ஒரு நிமிடம் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஒரு மனிதர் இவ்வளவு இலகுவாகத் தோற்றுப்போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. அம்மா எங்கே வேலைக்குப் போகிறாரோ அன்றைக்கு அங்கே பள்ளிக்கூடம். களை பிடுங்கப் போனால் வரம்பில் உட்கார்ந்து வாய்பாடு சொன்னோம். குளத்தில் துணி தோய்க்கப் போனால், தண்ணீர் வற்றிய ஈரமணலில் குச்சியால் எழுதினோம். பிழையாக எழுதினால் அடுத்த அலை அழித்துவிடும், சரியாக எழுதினாலும் அழித்துவிடும், ஆகவே யாருக்கும் மனவருத்தமில்லை. ஒரு பனங்கிழங்கை முறித்து முறித்துப் பின்னம் படித்தோம். கடைசிப் பின்னம் யார் வாய்க்குள் போவது என்பதில் மட்டும் வழக்கு வரும். தவளை முட்டையைச் சோற்றுப் பானையில் போட்டு வைத்துப் பார்த்ததும் உண்டு. அந்தப் பாடம் சோறு வடிக்கும் நேரத்துடன் முடிந்துபோனது.

வாசிப்புக்கு எங்களிடம் புத்தகம் குறைவு. கடையில் சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் தாளை அம்மா கவனமாக விரித்துத் தடவித் தருவார். சீனி சுற்றிய தாளில் தொடங்கும் செய்தியின் முடிவு எந்த நாளும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. மிச்சத்தை நாங்களே எழுதி முடிக்க வேண்டும். அதுதான் கட்டுரைப் பாடம். ஒரு மந்திரி எங்கேயோ பாலம் திறக்கப் போன செய்தியை, அவரை முதலை பிடித்ததாக எழுதி நான் முடித்து வைத்தேன். அம்மா அதற்கு நல்ல புள்ளி போட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு சட்டம்தான். அம்மாவின் கண்ணுக்கு எட்டிய தூரத்தைத் தாண்டக் கூடாது. வண்ணத்துப்பூச்சியைத் துரத்தி நான் பற்றைப் பக்கம் திரும்பினால், களைக்குள் குனிந்திருக்கும் தலை அந்தக் கணமே நிமிரும்.

கொஞ்ச நாளில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த ராணியும் அவளுடைய தம்பியும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய தாய் மலைநாட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பத்தவர். விடியக் கூலிவேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்திருக்க ஓர் ஆள் கிடைத்தது அவருக்கு நிம்மதி. ராணி என் வயதுக்காரி. அம்மாவை 'டீச்சரம்மா' என்று கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவின் முதுகு கொஞ்சம் நிமிரும்.

எனக்கும் ராணிக்கும் அந்தப் பள்ளிக்கூடம் போதும். போதாமல் இருந்தது அண்ணனுக்கு மட்டும்தான்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்கு மணி வேண்டும். உழவு இயந்திரத்தில் கழன்று விழுந்த ஓர் உடைந்த தட்டை வேப்பமரத்தில் கட்டி, பாடம் தொடங்க முன்னர் அடித்தான். அவனுக்கு வரவு எடுக்க வேண்டும். எதிரே நிற்கும் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'வந்துள்ளேன்' என்று சொல்ல வைத்து, கடைசியில் தன்னுடைய பெயரையும் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லுவான். ஒரு நாள் ராணியின் தம்பி பிந்தி வந்தபோது அவனை வகுப்புக்கு வெளியே நிற்கும்படி கட்டளையிட்டான். அன்றைக்குப் பாடம் நடுவயலில். எது உள்ளே, எது வெளியே என்று விளங்காமல் அந்தச் சின்னவன் வரம்புக்கு வரம்பு மாறி நின்று, கடைசியில் அழத் தொடங்கிவிட்டான்.

"அம்மா, எங்களுக்கு எப்ப வாங்கு வரும்?" என்று அண்ணன் கேட்பான். வாங்கு என்றால் நீளமான இருக்கைப் பலகை. பள்ளிக்கூடம் என்றால் அவனுக்கு முதலில் வாங்குதான்.

"வரம்பு இருக்கேக்க வாங்கு என்னத்துக்கு?"

"வரம்பில இருந்தா நண்டு கடிக்குது."

"அப்ப நண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுது."

அவன் எழுதவில்லை. காலை பஸ் போகும் நேரத்தில் தெருவோரம் போய் நிற்பான். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் யன்னலால் கை காட்டுவார்கள். இவன் கை காட்ட மாட்டான். பஸ்ஸின் புழுதி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பான்.

அறுவடை முடிந்த கையோடு அவன் ஒரு புதுக் கோரிக்கையுடன் வந்தான்.

"எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் சுற்றுலா போறவை. எங்கட பள்ளிக்கூடத்தில மட்டும் இல்லை."

அம்மாவால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. தன்னுடைய பள்ளிக்கூடம் எதிலும் குறைந்ததென்று ஒப்புக்கொள்ள அவர் தயாரில்லை. மன்னார்த் தீவில் ஒரு பெருக்கமரம் இருக்கிறது, ஆபிரிக்காவிலிருந்து வந்த பெரிய மரம், சின்ன வயதில் பார்த்தது, அதன் சுற்றளவை அளந்து விட்டத்தைக் கணக்கிடலாம் என்றார். அண்ணன் உடனே தலையாட்டினான். இதையெல்லாம் அவன் அப்போதே திட்டம் போட்டுத்தான் கேட்டானா என்று பிறகு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் சிரிப்பானே தவிரச் சொல்ல மாட்டான்.

போகும் நாள் காலை, முகாமில் கிடைத்த வெள்ளைச் சேட்டையும் நீலக் களிசானையும் அவன் போட்டுக்கொண்டு வந்தான். எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தான். கடித்ததாகத் தீர்ப்புச் சொல்லப்பட்ட சப்பாத்தும் காலில் இருந்தது. "பட்டணம் போறதுக்கு நல்ல வடிவாத்தான் வெளிக்கிட்டிருக்கிறாய்" என்று அம்மா மெச்சினார்.

தீவுக்குப் போகும் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஓர் இளம் ஆமிக்காரன் அண்ணனுடைய கோலத்தைப் பார்த்துச் சிரித்து, "ஸ்கூல் போறது?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"ஓம்" என்றான் அண்ணன், தேவைக்கு மிஞ்சிய சத்தத்தில்.

திரும்ப ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் வந்தது. ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. தலையைத் தலைகீழாக்கி அலகால் சேற்றை அளைந்துகொண்டிருந்தன. "கொக்குக்குச் சாயம் பூசியிருக்காங்க" என்றான் ராணியின் தம்பி. எதைத் தின்றால் அந்த நிறம் வரும் என்று அம்மா சொல்லத் தொடங்க, முன் இருக்கையில் இருந்தவர்களும் திரும்பிக் கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணன் மட்டும் கடலைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பட்டணம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டணத்தில் கழுதைகள் ஆட்களைப் போலத் தெருவில் நடந்து திரிந்தன. அவற்றைத் தாண்டி, கேட்டுக் கேட்டு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதை மரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒரு மலையைக் கொண்டுவந்து நட்டு, அது முளைத்துவிட்டதைப் போல இருந்தது. "டீச்சரம்மா, பானை மாதிரி இருக்குங்க" என்றாள் ராணி. அதுதான் சரி. பானைக்கு மேலே கொஞ்சம் கொப்புகள்.

அளக்க அம்மா ஒரு பழைய சேலை கொண்டுவந்திருந்தார். அதற்கு முன்னர் கையால் கட்டிப்பிடித்துப் பார்ப்போம் என்றார். நான் மரத்தில் கன்னத்தை வைத்துக் கையை விரித்தேன். என் விரலை ராணி பிடித்தாள். அவளுடையதைத் தம்பி பிடித்தான். அம்மாவும் சேர்ந்தார். பாதியும் வரவில்லை.

"நான் அங்கால போய்ப் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் மரத்தின் மறுபக்கம் போனான்.

நாங்கள் கன்னத்தை மரத்தில் ஒட்டியபடி காத்திருந்தோம். பட்டை யானைத் தோலைப் போலச் சில்லென்று இருந்தது.

"பிடிச்சிட்டியோ?" என்று அம்மா கேட்டார். பதில் இல்லை. அவன் கை நீட்டி எட்ட முடியாமல் திணறுகிறான் என்று நினைத்தோம். நான் பிடியை விட்டுவிட்டுச் சுற்றி ஓடினேன். மறுபக்கத்தில் யாரும் இல்லை. அவனும் எனக்கு முன்னால் சுற்றிக்கொண்டு ஓடுகிறான் என்று முடிவு செய்து இன்னும் வேகமாக ஓடினேன். ராணியும் பின்னால் வந்தாள். அவனை மடக்குவதற்காகத் தம்பி எதிர்த் திசையால் ஓடிவந்து என் வயிற்றில் முட்டினான். இருவரும் விழுந்தோம். ராணி எங்களுக்கு மேல் விழுந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மரத்தைச் சுற்றி ஒளித்துப் பிடிக்கும் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரன் என்றே அப்போதும் நினைத்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. மரத்தை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. எங்கள் விக்கலும் சிரிப்பும் ஒன்றாக நின்றன.

பழைய சேலையின் ஒரு முனையை ராணியின் தம்பியின் இடுப்பில் கட்டினார். மறு முனையை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, என்னையும் ராணியையும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். விரல்கள் நோகும்படி பிடித்தார். கடற்கரைப் பக்கம் ஓடினோம். திரும்பித் தெருவுக்கு ஓடி வந்தோம். கழுதைகள் வழிவிட்டு நின்றன. பெட்டி கட்டிய சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன பிள்ளை, ஆரைத் தேடுறியள்?"

"என்ர மகன். வெள்ளைச் சேட்டு..."

"வெள்ளைச் சேட்டுப் பெடியள்தானே ஊர் முழுக்க" என்றார் அவர். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "பொறுங்கோ. சப்பாத்து போட்டு, நொண்டி நொண்டி ஒருத்தன் போனவன். இடைவேளை மணி அடிக்க, பெடியளோட பெடியளா உள்ளுக்குப் போனவன்."

அவர் கை காட்டிய பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. உள்ளேயிருந்து ஒரே குரலாக ஏழாம் வாய்பாடு கேட்டது.

வகுப்பறை வகுப்பறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு விறாந்தையால் போனோம். கடைசிக்கு முந்திய வகுப்பில் அவன் இருந்தான். பின் வாங்கில், இரண்டு பெடியன்களுக்கு நடுவில், கைகளை மேசைக்கு மேல் கட்டிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து இருந்தான். வெள்ளைச் சேட்டின் முன்பக்கமெல்லாம் வெண்கட்டித் தூள். வந்த கொஞ்ச நேரத்துக்குள் கரும்பலகை அழிக்கும் வேலையையும் வாங்கிவிட்டான் என்று தெரிந்தது. எங்களைக் கண்டும் அவன் வாய்பாட்டை நிறுத்தவில்லை. 'ஏழேழு நாற்பத்தொன்பது' என்று மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போது உள்ளே போய்க் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்போகிறார் என்று ஆவலாக இருந்தேன். அம்மா வாசலில் நின்றார். ஒரு கால் படிக்கு மேலே, மற்றது கீழே. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடு, மரச்சலாகை, தீராந்தி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். பார்க்கச் சொல்லாமலே பார்த்துக் கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் கத்தினேன்.

"அம்மா, குருவிக்கூடு! அந்த மூலையில!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. படிப்பித்துக்கொண்டிருந்த இளம் ரீச்சர் திரும்பினார்.

"ஆர் அம்மா நீங்கள்? உள்ளுக்கு வாங்கோ."

"இல்லை, நான் இதிலயே நிக்கிறன். அந்தப் பிள்ளை... கடைசி வாங்கில இருக்கிறவர் என்ர மகன்."

"ஓ, புதுசா வந்தவரோ? மீளக் குடியேறிய பிள்ளையள் நாளாந்தம் வந்துகொண்டுதான் இருக்கினம், நானும் அப்பிடித்தான் எண்டு இருத்தினனான். நல்ல கெட்டிக்காரன் அம்மா. ஆர் படிப்பிச்சது?"

அம்மா "வெளியில வா அப்பன்" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அடிக்கப் போகிறவர் 'அப்பன்' என்று கூப்பிட மாட்டார். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் எழுந்து நின்றான். கண்கள் நிரம்பியிருந்தன. ஆனால் வாங்கை விட்டு நகரவில்லை.

"பாடம் முடியேல்லை அம்மா."

நான் எனக்குள் எண்ணத் தொடங்கினேன். இப்போது அடி விழும், இப்போது விழும் என்று. அம்மா படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார். "சரி. முடிச்சிட்டு வா" என்றார்.

சேற்றுக் காலோடு வகுப்புக்குள் போக வெட்கப்பட்டுத்தான் அம்மா வாசலில் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். அன்றைக்கு அவருடைய காலில் சேறே இருக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, நான் பல்கலைக்கழகம் போக வெளிக்கிட்ட கிழமையில்தான் அப்பா எனக்குச் சொன்னார். கடைசி இடம்பெயர்வில் நாங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தோமாம். ஒரு விடியற்காலை எறிகணை பட்டுக் கூரை விழுந்ததாம். மண்டபத்துக்கு ஒரே வாசல். எல்லாரும் அந்த வாசலில் நெருக்குப்பட, அம்மா எங்கள் இருவரையும் யன்னலால் வெளியே எறிந்துவிட்டுத் தானும் குதித்தாராம். பக்கத்துப் பாயில் படுத்த குடும்பத்தில் யாரும் வெளியே வரவில்லையாம். அந்த இடத்தைப் பற்றி எனக்கு நினைவிருந்ததெல்லாம் யாரோ தந்த ஒரு கிறீம் பிஸ்கட். அண்ணனுக்கு எது நினைவிருந்தது என்று நான் கேட்டதில்லை.

பெருக்கமரத்து நாளில் இவை எதுவும் எனக்குத் தெரியாது. அதிபர் ஒரு கதிரை கொண்டுவந்து விறாந்தையில் போட்டார். அம்மா அதை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் அவருடைய காலடியில் இருந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். உள்ளே வாய்பாடு முடிந்து தமிழ்ப் பாடம் தொடங்கியது. கடைசி மணி அடிக்கும் வரை அம்மா அசையவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலால் முண்டியடித்து வந்தபோது மட்டும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

மரத்தை நாங்கள் அளக்கவில்லை. விட்டமும் தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தின் முதற் சுற்றுலா அப்படித் தோல்வியில் முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் ராணியும் தம்பியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்கள். அண்ணன் சப்பாத்தைக் கழற்றி, சிவந்துபோன காலைத் தடவிக்கொண்டிருந்தான். சப்பாத்து உண்மையாகவே கடித்திருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அடம்பன் பள்ளிக்கூடத்துக்கு என்னை விடுங்கோ அம்மா" என்றான் மெதுவாக.

பாலம் முடியும் வரை அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அவ்வளவு நேரம் இருந்தனியே. அந்த வகுப்புக்கு எத்தனை வாசல்?"

அண்ணன் விழித்தான். வாங்கையும் கரும்பலகையையும் பார்த்தவன் வாசலைப் பார்த்திருக்கவில்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தரம். நான் இருக்கையில் எழுந்து நின்று சொன்னேன்.

"ரெண்டு வாசல். முன்னால ஒண்டு, பின்னால ஒண்டு. நாலு யன்னல். பின்னால இருக்கிற ஒண்டுக்குக் கம்பி இல்லை. அண்ணா இருந்த வாங்குக்குக் கிட்டத்தான்."

அம்மா என்னை இழுத்து மடியில் இருத்தி நெற்றியில் கொஞ்சினார். பஸ்ஸில் எல்லாருக்கும் முன்னால் அவர் அப்படிச் செய்பவர் அல்ல.

"நாளைக்கு அடம்பனுக்குப் போய்ப் பார்ப்பம்" என்றார் அண்ணனிடம். "அங்க எத்தனை எண்டு."

அண்ணனின் முகம் மலர்ந்தது. எனக்கும் குறைவில்லாத சந்தோஷம். பெரிய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்க்க முன்னர் வைக்கும் சோதனை இதுதானாக்கும், வாசலும் யன்னலும் எண்ணத் தெரிய வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு போய்ச் சேரும் வரை பஸ்ஸின் யன்னல்களை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் எண்ணிப் பழகினேன். அந்தச் சோதனையில் முதலாம் பிள்ளையாக வருவது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.